தண்ணீரில் தெரிந்த பட்டை

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு மூலக்கூற்று உயிரியலை ஒழுங்காகப் படிக்க முடியாது என்ற பேச்சைப் பல காலமாகக் கேட்டு வருகிறேன். உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகி, இசட் புள்ளியும் வெட்டுப்புள்ளியும் வீட்டுக்கு வீடு அலசப்படும் மாதங்களில் இந்தப் பேச்சு இன்னும் கூடும். மருத்துவ பீடம் கைநழுவிப்போன பிள்ளையை இங்குள்ள விஞ்ஞான பீடத்துக்கு அனுப்புவதா, கடன்பட்டாவது சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்புவதா என்று தடுமாறும் பெற்றோர், "இஞ்ச அதுக்குரிய மெஷின் ஒண்டும் இல்லையாம்" என்ற ஒற்றை வரியோடு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அந்த வரியை மறுக்க வேண்டும் என்று தோன்றும். மறுக்கத் தொடங்கினால், அதில் பாதி உண்மை இருப்பதும் தெரியும். அந்தப் பாதி எது என்பதில்தான் என் மனம் இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடலாம். இயந்திரம் அறவே இல்லாத ஊர் அல்ல இது. 2020 இல் கோவிட் வந்தபோது யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலும் போதனா வைத்தியசாலையிலும் டிஎன்ஏயைப் பல மடங்காகப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் பரிசோதனைகள் நடந்தன. சந்தையில் மரக்கறி விற்பவருக்கும் அந்தச் சொல் பழகிப்போனது. ஆகவே பெற்றோர் உண்மையில் கேட்பது இயந்திரம் இருக்கிறதா என்பதை அல்ல, ஓர் இளமாணி மாணவரின் கை அதைத் தொடுமா என்பதைத்தான். அது நியாயமான கேள்வி. நான் படித்தது தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில். அங்கே பிசிஆர் இயந்திரமும் இருந்தது, டிஎன்ஏ துண்டுகளை நீளத்துக்கு ஏற்பப் பிரிக்கும் ஜெல்லைப் படம்பிடிக்கும் பெட்டியும் இருந்தது, எங்கள் கைகள் அவற்றைத் தொடவும் செய்தன. அப்படியிருந்தும் அந்தப் பட்டப்படிப்பில் எனக்கு உண்மையில் கிடைத்தது எது என்று யோசித்தால், நினைவுக்கு வருவது ஓர் இயந்திரம் அல்ல.

புள்ளியிடல் திட்டத்தில் வளர்ந்த அறிவு

உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு டிஎன்ஏ புதிதல்ல. அடெனினுக்கு எதிரே தைமின், குவானினுக்கு எதிரே சைற்றோசின் என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். டிஎன்ஏ எப்படி இரட்டிக்கிறது, அதிலிருந்து ஆர்என்ஏ எப்படிப் பிறக்கிறது, இரைபோசோமில் புரதம் எப்படிக் கோக்கப்படுகிறது என்பதையெல்லாம், எந்தச் சொல் விடுபட்டால் எத்தனை புள்ளி போகும் என்ற கணக்கோடு சேர்த்தே படித்திருப்போம். தனியார் கல்வி நிலையங்களில் ஆயிரம் பேர் நடுவில் இருந்து கற்றது அது. அந்தப் படிப்பை நான் இளக்காரமாகப் பேச மாட்டேன். அந்த மனனம் இல்லாமல், முதலாம் ஆண்டில் எல்லாம் ஆங்கிலத்துக்கு மாறிய அதிர்ச்சியில் நான் மூழ்கியிருப்பேன். ஆனால் அந்த அறிவு முழுவதும் முடிவுகளால் ஆனது. யாரோ எங்கோ கண்டுபிடித்து முடித்துவிட்ட விடயங்களின் பட்டியல் அது. அவற்றை எப்படிக் கண்டுபிடித்தார்கள், வேறு எந்த விடைகள் அந்த இடத்தில் இருந்திருக்கக்கூடும், அவை ஏன் தள்ளப்பட்டன என்று எந்த வினாத்தாளும் எங்களைக் கேட்டதில்லை.

இரண்டாம் ஆண்டில் ஒரு விரிவுரையாளர் வகுப்பு நேரம் முழுவதையும் ஒரேயொரு பரிசோதனைக்குச் செலவிட்டார். டிஎன்ஏ எப்படி இரட்டிக்கிறது என்று பார்த்த, 1958 இல் வெளியான மெசல்சன், ஸ்டால் ஆகியோரின் பரிசோதனை அது. 1953 இல் வாட்சனும் கிரிக்கும் ஈரிழைச் சுருளை முன்வைத்தபோதே, இரண்டு இழைகளும் பிரிந்து ஒவ்வொன்றும் தனக்கு ஒரு புதிய துணையிழையை ஆக்கிக்கொள்ளலாம் என்ற ஊகம் பிறந்துவிட்டது. வேறு இரண்டு ஊகங்களும் இருந்தன: பழைய ஈரிழை அப்படியே இருக்க, அதைப் பார்த்து முற்றிலும் புதிய ஈரிழை ஒன்று ஆகலாம், அல்லது பழையதும் புதியதும் துண்டு துண்டாகக் கலந்து எல்லா இழைகளிலும் பரவலாம். மெசல்சனும் ஸ்டாலும் ஈ. கோலை பற்றீரியாவைப் பாரமான நைதரசன்-15 உள்ள ஊடகத்தில் பல தலைமுறைகள் வளர்த்து, பிறகு சாதாரண நைதரசன்-14 ஊடகத்துக்கு மாற்றினார்கள். அதன் டிஎன்ஏயைச் சீசியம் குளோரைட்டுக் கரைசலில் இட்டு அதிவேக மையநீக்கியில் நீண்ட நேரம் சுழற்றினால், அது தன் அடர்த்திக்கு ஏற்ற மட்டத்தில் ஒரு பட்டையாக வந்து நிற்கும்.

ஒரு தலைமுறை கழிந்ததும் தெரிந்தது ஒரேயொரு பட்டை. பாரமானதற்கும் இலேசானதற்கும் நடுவே நின்றது. விரிவுரையாளர் அந்தப் படத்தைக் காட்டிவிட்டு, இதோடு விடை கிடைத்துவிட்டதா என்று கேட்டார். கிடைத்துவிட்டது என்றோம். பழைய ஈரிழை அப்படியே இருக்கும் என்ற ஊகம் மட்டுமே இதில் விழுந்தது, துண்டு துண்டாகக் கலக்கிறது என்ற ஊகத்தின்படியும் நடுவில் ஒரே பட்டைதானே வர வேண்டும் என்று அவர் திருப்பிக் கேட்டபோது வகுப்பு அடங்கிப்போனது. இரண்டாம் தலைமுறையில்தான் அந்த முடிச்சு அவிழ்ந்தது. கலந்து பரவுவதாக இருந்தால் அந்த ஒற்றைப் பட்டை சற்று இலேசான பக்கமாக நகர்ந்திருக்க வேண்டும். மாறாக நடுவில் ஒன்றும், இலேசான இடத்தில் ஒன்றுமாக, சம அளவில் இரண்டு பட்டைகள் தெரிந்தன. மூன்றாம் தலைமுறையில் என்ன தெரியும் என்று எங்களை வரையச் சொன்னார். நடுவில் காற்பங்கு, இலேசானதில் முக்காற்பங்கு. அதை வரைவதற்கு ஒரு பென்சிலுக்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. இருந்தும் அதுவரை படித்த எல்லாவற்றையும்விட அந்த வகுப்பு வேறாக இருந்தது, ஏனென்றால் விடை எங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. அந்த விடையை நம்புவதற்கு என்ன காரணம் என்பதுதான் எங்கள் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

கடைசிக் குழி

மூன்றாம் ஆண்டின் செய்முறை வகுப்பு ஒன்றில், ஆளுக்கொரு செடியின் இலையிலிருந்து டிஎன்ஏயைப் பிரித்தெடுத்து, பச்சையவுருமணியிலுள்ள ஒரு பரம்பரையலகைப் பிசிஆர் மூலம் பெருக்க வேண்டியிருந்தது. ஒளித்தொகுப்பில் பங்குபெறும் ருபிஸ்கோ நொதியத்தின் பெரிய துணையலகுக்கு உரிய பரம்பரையலகு அது. பச்சைத் தாவரங்களில் பரவலாகக் காணப்படுவது. முறை எளிது. 95 பாகை செல்சியசில் இரண்டு இழைகளும் பிரியும், 55 அளவில் பிறைமர்கள் எனப்படும் சிறு டிஎன்ஏ துண்டுகள் தம் இடத்தில் ஒட்டும், 72 இல் நொதியம் இழையை நீட்டும். வெந்நீர் ஊற்றில் வாழும் பற்றீரியாவிலிருந்து வந்த நொதியம் என்பதால் அந்தக் கொதிப்பை அது தாங்கும். ஒவ்வொரு சுற்றிலும் அளவு இரண்டு மடங்காகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மூலக்கூறு 30 சுற்றுகளில் 107 கோடியைத் தாண்டும். கரி மல்லிஸ் 1983 இல் இந்த யோசனையைக் கண்டடைந்து, 1993 இல் நோபல் பரிசு பெற்றார் என்பதெல்லாம் குறிப்புக் கொப்பியில் எழுதியிருந்தோம்.

எங்கள் குழுவின் ஜெல்லில் கடைசிக் குழிக்குள் போனது, இலைச் சாறு எதுவும் சேர்க்காமல் மற்ற எல்லாவற்றையும் சேர்த்துத் தண்ணீரால் நிரப்பிய சிறுகுழாயின் கலவை. ஜெல்லைப் புறஊதாக் கதிர்ப் பெட்டியில் வைத்ததும் எல்லோரும் தத்தம் குழியைத் தேடினோம். பட்டைகள் எதிர்பார்த்த நீளத்தில், பிரகாசமாக, ஒரே நேர்கோட்டில் நின்றன. ஒருவர் கைத்தொலைபேசியில் படமும் எடுத்தாயிற்று. எங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் முந்தைய ஆண்டில் பட்டம் பெற்று அங்கேயே உதவிப் பணியில் சேர்ந்திருந்த, வவுனியாவைச் சேர்ந்த ஓர் அக்கா. அவர் எங்கள் பட்டைகளைப் பார்க்கவே இல்லை. "கடைசிக் குழியில என்ன போட்டனீங்கள்?" என்றார்.

"தண்ணி, அக்கா."

"தண்ணிக்கு ஏன் பட்டை வந்திருக்கு?"

குனிந்து பார்த்தோம். மங்கலாக, ஆனால் மற்றவற்றின் அதே மட்டத்தில், ஒரு பட்டை இருந்தது. மங்கல்தானே, பெரிதாக எடுக்கத் தேவையில்லை என்று ஒரு நண்பன் சொல்லிப் பார்த்தான். இத்தனை சுற்றுகள் ஓடி முடிந்த பிறகு, பட்டையின் பிரகாசத்தை வைத்துத் தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது என்று சொல்ல முடியாது என்று அக்கா அந்தச் சமாதானத்தை ஒரே வாக்கியத்தில் மூடினார். பிறகு ஒவ்வொருவராகக் கேட்டார்: உன்னுடைய குழியில் நிற்பது உன் இலையிலிருந்து வந்ததுதான் என்று இப்போது சொல்வாயா? பச்சைத் தாவரம் எதுவாக இருந்தாலும் கிட்டத்தட்ட அதே நீளத்தில் பட்டை தரக்கூடிய ஒரு பரம்பரையலகைத்தான் நாங்கள் பெருக்கியிருந்தோம். பக்கத்து மேசை இலையின் துணுக்கும் அதைத் தரும்; போன வகுப்பு விட்டுச் சென்ற கண்ணுக்குத் தெரியாத துளியும் தரும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் வெங்காயம் வாங்க வருபவர் வெறும் கடகத்தின் நிறையைக் கழிக்காமல் காசு கொடுப்பதில்லை; நாங்களோ கழிக்க வேண்டியதைக் கையில் வைத்துக்கொண்டே அதைப் பாராமல் இருந்தோம். ஒளித்தொகுப்புப் பரிசோதனையைப் பற்றிய விடையில் "கட்டுப்பாட்டுப் பரிசோதனை" என்று எழுதிப் புள்ளி வாங்கியவர்கள்தான் அந்த மேசையைச் சுற்றி நின்ற அத்தனை பேரும்.

அந்தப் பிற்பகலின் மிச்சம் வெண்பலகையில் கழிந்தது. கலவையில் சேர்ந்தவை தண்ணீர், பஃபர், நியூக்கிளியோரைட்டுக் கலவை, பிறைமர்கள், நொதியம். இவற்றில் எது மாசுபட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாவற்றையும் வீசிவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்றாள் ஒருத்தி. அப்படிச் செய்தால் பட்டை மறையும், காரணம் தெரியாது. ஒரு சிறுகுழாய்க்கு ஒரு பொருளை மட்டும் புதிய போத்தலிலிருந்து எடுத்து, மற்றவற்றைப் பழையதாகவே விட்டால், எந்தக் குழாயில் பட்டை மறைகிறதோ அதற்குப் புதிதாக மாற்றிய பொருளே குற்றவாளி என்று மெல்ல மெல்ல வந்து சேர்ந்தோம். எதிலுமே மறையாவிட்டால்? அப்போது இரண்டு பொருட்கள் சேர்ந்தே கெட்டிருக்கலாம், அல்லது கலவையை அளந்து எடுத்த பிப்பெற்றே மாசுபட்டிருக்கலாம். அதற்கு இன்னொரு வரிசைக் குழாய்கள், இன்னொரு பிப்பெற், இயன்றால் இன்னோர் அறை. பலகை நிறைந்துவிட்டது. அவற்றைச் செய்து பார்க்க எங்களுக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. நொதியம் அந்த அரையாண்டுக்கு அளந்து வாங்கப்பட்டிருந்தது. எனக்கு மூலக்கூற்று உயிரியல் பிடிபட்டது என்று ஒரு நாளைச் சொல்ல வேண்டுமானால், பாதி இயந்திரத்திலும் பாதி வெறும் பலகையிலும் கழிந்த அந்த நாளைத்தான் சொல்வேன்.

அதன் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். செய்முறை அறிக்கை ஒப்படைத்தபோது, இன்னொரு குழு தங்கள் படத்தில் கடைசிக் குழி தெரியாதபடி ஓரத்தை வெட்டி ஒட்டியிருந்தது. அவர்கள் ஜெல்லிலும் தண்ணீர் பட்டை காட்டியிருந்ததை நாங்கள் கண்டிருந்தோம். அவர்களுக்குப் புள்ளி குறையவில்லை. அறிக்கைக்குரிய புள்ளித் திட்டத்தில் எதிர்பார்த்த பட்டை தெரிந்தால் புள்ளி என்று இருந்ததே தவிர, தண்ணீர்க் குழி பற்றி எதுவும் இல்லை. உயர்தரத்தோடு விட்டுவந்தோம் என்று நினைத்த பழக்கம், விலை உயர்ந்த இயந்திரத்தின் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்திருந்தது. இயந்திரம் இருந்தால் படிப்பு வந்துவிடும் என்பவர்களிடம் எனக்கு உள்ள மனத்தாங்கல் அங்கேதான் தொடங்குகிறது. கோவிட் காலத்தில் எங்கள் ஒழுங்கையில் "எனக்கு நெகட்டிவ்" என்று நிம்மதியோடு சொன்னவர்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடைசிக் குழிதான் ஞாபகத்துக்கு வந்தது. அவர்களுடைய நிம்மதிக்குப் பின்னால், ஒன்றும் இல்லாத குழாயில் ஒன்றும் வரவில்லை, வைரசு இருப்பதாகத் தெரிந்த குழாயில் அது வந்திருக்கிறது என்று இரண்டையும் பார்த்து உறுதிசெய்த ஒருவர் ஆய்வுகூடத்தில் இருந்தார்.

மறுபக்கம்

இவ்வளவும் சொல்லிவிட்டு, ஆகவே இயந்திரம் தேவையில்லை என்று முடித்தால் அது பொய்யாகிவிடும். அந்தப் பட்டை தண்ணீரில் தெரிந்ததால்தான் பலகையில் எழுத எங்களுக்கு ஒரு விடயம் கிடைத்தது. தாளில் வரைந்து படிக்கிற மாணவரின் தண்ணீர்க் குழி எப்போதும் சுத்தமாகவே இருக்கும். ஒரு மைக்ரோலீற்றர் திரவத்தை நுனியில் எடுத்து, குமிழி இல்லாமல், குழாயின் சுவரில் ஒட்டிவிடாமல் கலவைக்குள் இறக்குவது விரல் பழக்கம். விளக்கப்படம் அதைத் தராது. ஜெல்லின் குழியை நுனியால் குத்திவிடாமல் நிரப்புவதும் அப்படித்தான்.

இந்த நாட்டில் அந்தப் பழக்கத்துக்குக் குறுக்கே நிற்பது பெரும்பாலும் இயந்திரத்தின் விலை அல்ல. இயந்திரத்தை ஒரு முறை வாங்கிவிடலாம், அன்பளிப்பாகவும் பெறலாம். நொதியத்தையும் பிறைமரையும் மீண்டும் மீண்டும் வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டும். நொதியத்தை -20 பாகையில் வைத்திருக்க வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோது, உறைகுளிர்ப்பெட்டிக்கு மின்பிறப்பாக்கியும் அதற்கு எரிபொருளும் தேடியவர்களுக்குத் தெரியும், ஒரு மாணவரின் ஒரு செய்முறைக்குப் பின்னால் எத்தனை பேருடைய ஓட்டம் இருக்கிறது என்று. டொலருக்குத் தட்டுப்பாடு வரும் நாட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனிக் கட்டுப்பாட்டுக் குழாய் என்பது ஆடம்பரமாகத் தெரியும். அதனால்தான் எங்கும் முதலில் வெட்டப்படுவது அதுவே: வகுப்புக்கே ஒரு தண்ணீர்க் குழாய் போதும், பிறகு அதுவும் வேண்டாம், விரிவுரையாளரே ஒன்றைச் செய்து காட்டட்டும். மிச்சம் பிடிப்பதாக நினைத்து, அந்தச் செய்முறையில் படிக்க இருந்த ஒரே விடயத்தை நீக்கிவிடுகிறார்கள். இந்தியாவில் சில தனியார் கல்லூரிகளில் பெரிய இயந்திரங்கள் கண்ணாடி அறைக்குள் இருக்கும், இளமாணி மாணவர் வெளியில் நின்று பார்க்கலாம் என்று அங்கே போய் வந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தக் கட்டணத்தைக் கட்டத் துணியும் பெற்றோர், இறுதியாண்டு மாணவர் ஒருவரைப் பிடித்து, உன் ஆய்வுக்கு நீயே கலவை தயாரித்தாயா, வெறும் குழாயை வைத்தாயா என்று கேட்டுவிட்டுக் கட்டினால் நல்லது. அதே கேள்வியை இங்கும் கேட்கலாம்.

வடலிகளின் கணக்கு

அண்மையில் உரும்பிராய்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்திருந்தான். விஞ்ஞான பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறான். தகப்பனாருக்கு இந்தியா ஆசை. இவனுக்கு இங்கேயே நிற்க விருப்பம், ஆனால் அதைச் சொல்ல ஒரு காரணம் தேவைப்பட்டது. நான் காரணம் எதுவும் கொடுக்கவில்லை. பனையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பனையில் ஆண் வேறு, பெண் வேறு. நுங்கும் பழமும் பெண்பனையில்தான். ஒரு மரம் எந்த வகை என்று அது பூக்கும் வரை தெரியாது, பூக்க 12 முதல் 15 ஆண்டுகளோ இன்னும் கூடவோ ஆகலாம். கைதடியில் பனை ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிற மாவட்டத்தில், வேலியோரம் வடலி வைப்பவர் இன்றும் அதிர்ஷ்டத்தை நம்பித்தான் வைக்கிறார். இலையிலுள்ள டிஎன்ஏயைப் பார்த்தே மரத்தின் பாலை, அதாவது ஆணா பெண்ணா என்பதை, சொல்லக்கூடிய குறியீட்டைத் தேடி ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அப்படி ஒன்றை நீ தேடுவதாக இருந்தால் எப்படித் தொடங்குவாய் என்று கேட்டேன்.

"எங்கட அம்மம்மான்ர வளவில ஆண் அஞ்சு, பெண் அஞ்சு எடுத்து, ஆணில மட்டும் வாற பட்டையைப் பார்த்தால் காணும்தானே, அண்ணா" என்றான்.

அந்த ஐந்து ஆண்பனைகளும் எங்கிருந்து வந்தவை என்று கேட்டேன். பெரும்பாலும் ஒரு தாய்மரத்தின் கொட்டைகள்தாம், அம்மப்பா பாத்தியில் போட்டுக் கிழங்கு கிண்டாமல் விட்டவை என்றான். சொல்லி முடிக்கும்போதே அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. ஒரு தாயின் பிள்ளைகள் என்பதால் அவை ஒரு பட்டையைப் பகிர்ந்துகொண்டிருக்கலாம். அதற்கும் பாலுக்கும் தொடர்பே இல்லாமல் இருக்கலாம். அப்படியென்றால் வலிகாமத்திலும் தென்மராட்சியிலும் தீவுப்பகுதியிலும் ஒன்றோடொன்று உறவில்லாத மரங்களாக எடுக்க வேண்டும் என்றான். அந்தக் குறியீடு உண்மையா என்று உறுதிசெய்ய, இன்னும் பூக்காத வடலிகளுக்கு இப்போதே ஆரூடம் எழுதிவைத்துவிட்டுப் பூக்கும் வரை காத்திருக்க வேண்டும் என்றும் சொன்னான். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப டிகிரி முடிய இருபது வருசமாகும்" என்று சிரித்தான்.

காத்திருக்காமல் செய்ய வழி உண்டா என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணி போடப் போனேன். திரும்பி வந்தபோது அவன் தாளில் வரைந்து வைத்திருந்தான். பூத்த மரங்களிலிருந்தே இலையை எடுக்கலாம், ஆனால் எடுப்பவர் வேறொருவராக இருக்க வேண்டும். இலைப் பைகளில் எண் மட்டும் இருக்க வேண்டும். எந்த எண் எந்த மரம் என்ற கொப்பி அம்மம்மாவிடம் பூட்டியிருக்க வேண்டும். இவன் பட்டையைப் பார்த்து எல்லா எண்களுக்கும் ஆண், பெண் என்று எழுதிக் கொடுத்த பிறகே அதைத் திறக்க வேண்டும். பனையோலை நார் மிகுந்தது, அதிலிருந்து சுத்தமான டிஎன்ஏ எடுப்பது இலேசான வேலை அல்ல என்று எச்சரித்தேன். அதைப் பற்றி அவன் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. அம்மம்மா பேரன்மேல் உள்ள பாசத்தில் இடைநடுவில் வாய்தவறி விடையைச் சொல்லிவிடக்கூடும், கொப்பியைத் தபாற்கந்தோர் மாமாவிடம் கொடுத்துவைப்பதுதான் நல்லது என்று அந்த வரியை வெட்டித் திருத்திக்கொண்டிருந்தான்.